பின்பாட்டு

ரபீயுல் அவ்வல் பிறை தெரிந்ததும் அதிராம்பட்டினத்தில் சுப்ஹான மௌலிது ஓதுகிற வீடுகளில் பாய் விரித்துவிடுவார்கள். ஓதுகிறவர்கள் எதிரெதிராக இரண்டு வரிசையில் உட்காருவார்கள். ஒரு வரிசை பைத்தை எடுக்கும், எதிர்வரிசை ஜவாபு சொல்லும். ஆர்மோனியம் கிடையாது, தபேலா கிடையாது, சுருதிப்பெட்டிகூடக் கிடையாது. மூத்த ஆலிம் எந்த இடத்தில் குரலை எடுக்கிறாரோ அதுதான் அன்றைய சுருதி. ஓதி முடித்ததும் பங்கிடும் நார்சா வாங்கப் போன எங்களைப் போன்ற பொடியன்களுக்கு அரபு புரியாது, ஜவாபு மட்டும் மனப்பாடம். அது வரும்போது வீடே வாய் திறக்கும். திண்ணையில் இருப்பவரும் சொல்வார், அடுப்படியில் தேத்தண்ணி வடிக்கிறவரும் சொல்வார்.

பிற்பாடு காது கொஞ்சம் பழகியதும்தான் கவனித்தேன், அந்த ஜவாபு ஒரே குரலாக இல்லை. தொண்டை உடையாத பையன்கள் மேல் ஸ்தாயியில் இருப்பார்கள், கிழவர்கள் கீழ் ஸ்தாயியில். இரண்டுக்கும் எட்டாதவர்கள் தங்களுக்கு வசதியாகப் பஞ்சமத்தைப் பிடித்துக்கொண்டு அதிலேயே போவார்கள். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. சொல்லிக் கொடுத்திருந்தால் 'ஒழுங்காச் சேர்ந்து ஓது' என்று தலையில் தட்டித் திருத்தியிருப்பார்கள்.

இந்தக் கட்டுரையின் கேள்வி அங்கிருந்துதான் வருகிறது. தமிழர்கள் சேர்ந்து பாடாத இடம் இல்லை. வயலில் பாடினார்கள், கடலில் பாடினார்கள், மடத்தில், தேவாலயத்தில், தர்காவில், கட்சி மேடையில் பாடினார்கள். இருந்தும் நாலைந்து பேர் ஆளுக்கொரு சுரமாகக் குரலை அடுக்கி, அந்த அடுக்கையே பாட்டாக்கி, அதனாலேயே பேர் வாங்கிய ஒரு குழு தமிழில் ஏன் நிலைக்கவில்லை?

அப்படிப்பட்ட குழுக்கள் ஒரு காலத்தில் ஈசல் போலக் கிளம்பிய இடத்தை முதலில் பார்த்துவிடலாம். 1940-களின் பிற்பகுதியிலிருந்து 1960-களின் தொடக்கம் வரை நியூயார்க், ஃபிலடெல்ஃபியா, சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ் ஆகிய நகரங்களில் கறுப்பினப் பையன்கள் தெருமுனையில் நின்று பாடிய பாட்டுக்கு டூ-வாப் என்று பேர். பேர் பின்னால் ஒட்டியது, பாட்டு முந்தியது. கிதார் வாங்கக் காசில்லாத வீட்டுப் பிள்ளைகள் அவர்கள். எதிரொலி கிடைக்கிறது என்பதற்காக மாடிப்படியின் அடியிலும் பள்ளிக்கூடத்துக் கழிப்பறையிலும் சுரங்க ரயில் நிலையத்திலும் நின்று பாடினார்கள். முன்னோடிகள் இருந்தார்கள். ஒஹாயோ மாநிலத்து மில்ஸ் பிரதர்ஸ் என்ற நான்கு அண்ணன் தம்பிகள் 1930-களிலேயே வாயால் எக்காளமும் டியூபாவும் ஊதிக் காட்டி வானொலியில் புகழ்பெற்றவர்கள். 1948-இல் ஓரியோல்ஸ் குழுவின் முதல் இசைத்தட்டு ஓடத் தொடங்கியதும் தெருவுக்குத் தெரு குழு முளைத்தது. பிராங்க்ஸ் பகுதியின் பெல்மான்ட் சாலையில் வளர்ந்த இத்தாலிய வம்சத்துப் பையன்கள் தங்கள் குழுவுக்கு பெல்மான்ட்ஸ் என்றே பேர் வைத்துக்கொண்டார்கள். தெருவுக்கொரு சங்கம் வைத்திருக்கிற எங்கள் ஊர்க்காரருக்கு இது சட்டென்று விளங்கும்.

இந்தப் பாட்டின் கட்டுமானம் எளியது. ஒருவன் பாட்டை எடுப்பான். அவனுக்கு மேலே ஒருவன் கள்ளக்குரலில் மிதப்பான். நடுவில் இரண்டு பேர் சுரங்களை நிரப்பிப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். அடியில் ஒருவன் கட்டைக் குரலில் அசைகளைத் துள்ளவிடுவான். அந்த அசைகளுக்குப் பொருள் கிடையாது. வாங்க முடியாத பாஸ் வாத்தியத்துக்கும் டிரம்ஸுக்கும் பதிலாகத் தொண்டை செய்த வேலை அது. நான்கு கோர்டுகள் திரும்பத் திரும்பச் சுற்றி வரும், அவ்வளவுதான். ஆனால் கேட்கிறவர் மனம் போய் நிற்பது பெரும்பாலும் முன்னால் பாடுகிறவனிடத்தில் இல்லை. மார்செல்ஸ் குழு 1961-இல் பாடிய 'புளூ மூன்' ஊரெங்கும் ஒலித்தது அதன் தொடக்கத்தில் கட்டைக் குரல்காரன் அடித்த கூத்துக்காகத்தான். பின்பாட்டுக்காரனே கதாநாயகன் ஆன இசை இது.

அதன் பொற்காலம் நீளமானதுமில்லை, நியாயமானதுமில்லை. கார்ட்ஸ் என்ற கறுப்பினக் குழு 1954-இல் 'ஷ்-பூம்' பாடியது. அதே ஆண்டில் அதே பாட்டைத் திருப்பிப் பாடிய வெள்ளையர் குழுவான க்ரூ-கட்ஸ்தான் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. ஃபைவ் சாட்டின்ஸ் குழு தன் புகழ்பெற்ற பாட்டை 1956-இல் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் பதிவு செய்தது. பதின்மூன்று வயதில் அமெரிக்காவையே ஆடவைத்த ஃப்ராங்கி லைமன் 25 வயதில் போதையால் இறந்துபோனான். கடலுக்கு அப்பால் ஜொகான்னஸ்பர்க்கில் சாலமன் லிண்டா என்ற ஜூலுக்காரர் தன் குழுவோடு 1939-இல் பாடிய 'ம்பூபே' 1961-இல் டோக்கன்ஸ் குழுவின் வாயால் உலகப் பாட்டு ஆயிற்று. லிண்டா அடுத்த ஆண்டே வறுமையில் இறந்தார். குடும்பத்துக்கு ஓர் உடன்பாடு கிடைக்க 2006 ஆக வேண்டியிருந்தது.

இனி நம் பக்கம். தமிழில் இது ஏன் இல்லை என்று கேட்டால் இசை தெரிந்தவர்கள் முதலில் சொல்லும் காரணம் ராகம். நம் சுரம் ஓரிடத்தில் நிற்பதில்லை, கமகத்தில் அசைந்துகொண்டே இருக்கிறது, அசைகிற ஒன்றின்மேல் இன்னொன்றை எப்படி அடுக்குவது என்பார்கள். அடியில் நிற்க வேண்டிய குரலின் இடத்தைச் சுருதி ஏற்கெனவே பிடித்துக்கொண்டுவிட்டது என்றும் சொல்வார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து நாகசுரக் கச்சேரியில் ஒத்துக்காரரைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். கன்னம் புடைக்க அவர் ஊதுவது ஒரே சுரம், இரவு முழுக்க அதே சுரம். டூ-வாப்பின் கட்டைக் குரல்காரன் நிற்கும் இடத்தில்தான் அவரும் நிற்கிறார், நகர அனுமதியில்லை.

சபா இசைக்கு இந்த வாதம் பொருந்தும். அங்கே இருவர் சேர்ந்து பாடினாலும் லட்சியம் ஒரே குரல். ஆலத்தூர் சகோதரர்கள் உண்மையில் சகோதரர்களே இல்லை, ஆனால் பாட்டில் பிரிக்க முடியாதவர்கள். தஞ்சை மாவட்டத்துச் சூலமங்கலம் சகோதரிகளை 'ரெண்டு பேர் பாடுறாப்பலயே இல்லை' என்று சொன்னால் அது பாராட்டு. அதையே டூ-வாப் குழுவிடம் சொல்லியிருந்தால் சண்டைக்கு வந்திருப்பார்கள்.

ஆனால் தமிழ்ப்பாட்டு சபாவோடு முடிந்துவிடுகிறதா? வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டில் என்ன பெரிய கமகம் இருக்கிறது? நடவுப் பாட்டில்? பைத்தில்? நேரான சுரங்கள், எட்டி எட்டி வைத்த அடிகள். பொருளற்ற அசைக்கும் நம்மிடம் பஞ்சமில்லை. ஏலேலோ ஐலசாவைவிடப் பழைய டூ-வாப் எங்கே இருக்கிறது? கொன்னக்கோலும் ஜதியும் தில்லானாவும் வாயையே வாத்தியமாக்கிய கலைகள், அவை செழித்தது இந்தக் காவிரிக் கரையில்தான். ராகம் தடுத்தது என்பது பாதி விளக்கம்.

இரண்டாவதாகச் சொல்லும் காரணம் படிப்பு. சுரங்களை அடுக்குவதற்கு மேனாட்டுச் சுரக்குறிப்பு தெரிய வேண்டும், அது நமக்கு இல்லை என்பது. தஞ்சாவூரை அறிந்தவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். இரண்டாம் சரபோஜி (ஆட்சிக்காலம் 1798–1832) மேனாட்டு வாத்தியக் குழுவை அரண்மனையிலேயே வைத்திருந்தவர். அவர் சேர்த்த மேனாட்டு இசைக்குறிப்புகள் சரஸ்வதி மகாலில் இருக்கின்றன. தரங்கம்பாடியில் 1706-இல் சீகன்பால்க் வந்து இறங்கியதிலிருந்தே லுத்தரன் துதிப்பாடல்கள் தமிழுக்கு வரத் தொடங்கிவிட்டன. அந்த ஞானப்பாட்டுகளைத் தேவாலயப் பாடகர் குழுக்கள் இன்றும் சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாஸ் என்று நான்காகப் பிரிந்து பாடுகின்றன. சரபோஜியின் காலத்தவரான வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) வழியில் வந்த கீர்த்தனைகளை அதே சபையார் அதே ஞாயிற்றுக்கிழமை ஒரே குரலாகப் பாடுகிறார்கள். ஒரே வாய், ஒரே ஆராதனை, இரண்டு காது! ஜெர்மன் மெட்டு வந்தால் குரல் நான்காகப் பிரிகிறது, தமிழ் மெட்டு வந்தால் சேர்ந்துகொள்கிறது. நான் அறிந்தவரை தமிழ் இசை வரலாற்றில் இதைவிடச் சுவையான பரிசோதனைச் சாலை வேறில்லை.

ஆபிரகாம் பண்டிதரையும் இங்கே நினைக்க வேண்டும். தஞ்சாவூரில் வைத்தியசாலை நடத்தி, இசை மாநாடுகள் கூட்டி, 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' வெளியிட்டவர். மேனாட்டு இசையையும் கற்றவர், பிள்ளைகளுக்கும் கற்பித்தவர். அவருடைய பெரும் உழைப்பெல்லாம் சுருதிகளின் கணக்குக்குப் போனது. குரல்களை அடுக்கும் கலை தேவாலயத்தின் வாசற்படியைத் தாண்டித் தெருவுக்கு வரவில்லை.

மறுபக்கம், டூ-வாப் பையன்களில் பெரும்பாலானவர்களுக்குச் சுரக்குறிப்பே தெரியாது. ஞாயிறுதோறும் தேவாலயத்தில் நான்கு குரல் கேட்டுக் கேட்டு அவர்கள் காது அடுக்குக்குப் பழகியிருந்தது, அவ்வளவுதான். வழிபாட்டு இடத்தில் காது பழகுகிறது, தெருவில் வாய் பழகுகிறது. எங்கள் ஊரிலும் காது பழகத்தான் செய்தது. வாத்தியம் வாங்க வழியில்லாததால் அவர்களுக்குக் குரல் மட்டும் மிஞ்சியது, வாத்தியம் கூடாது என்ற மார்க்கக் கருத்தினால் எங்களுக்கும் குரல் மட்டும் மிஞ்சியது. தப்ஸ் என்ற பறைக்கு மட்டும் விலக்கு உண்டு. தெருமுனையும் இருந்தது. நோன்பு மாதத்தில் சஹருக்கு எழுப்ப வரும் பக்கீர் பாவாக்கள் தாயிராவைத் தட்டிக்கொண்டு, ஒருவர் எடுக்க மற்றவர் வாங்கி, இருட்டில் தெருத்தெருவாகப் பாடிப் போவார்கள். சந்து திரும்பும்போது சுவரில் மோதி வரும் அந்தக் குரலைக் கேட்டவர்களுக்கு நியூயார்க் மாடிப்படியைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை.

ஆக, காது இருந்தது, தெரு இருந்தது, அசை இருந்தது. மூன்றாவது காரணத்தை நான் இசை நூல்களில் தேடவில்லை. தமிழ் வசைச் சொற்களில் கண்டுபிடித்தேன்.

ஒத்து ஊதுகிறான். ஜால்ரா போடுகிறான். தாளம் போடுகிறான். பின்பாட்டுப் பாடுகிறான். யோசித்துப் பாருங்கள், ஒருவன் பாடும்போது கூட நின்று தாங்குகிற வேலை ஒவ்வொன்றையும் தமிழ் ஒரு திட்டாக மாற்றி வைத்திருக்கிறது. வில்லுப்பாட்டில் 'ஆமா' போடுகிறவர் இல்லாமல் கதை நகராது, ஆனால் 'ஆமாம் சாமி' என்றால் முதுகெலும்பு இல்லாதவர். மேளக்காரர் குடும்பங்களில் ஒத்துக்காரருக்குக் கொடுத்த பங்கு என்ன என்று பெரியவர்களைக் கேட்டால் இந்தச் சொல் எப்படி வசையானது என்பது விளங்கும். முன்னால் பாடுகிறவனுக்குத்தான் பொன்னாடை. எந்தத் தெருப்பையன் முனைந்து போய் 'நான் கட்டைக் குரல் போடுகிறேன், பாட்டை நீ பாடு' என்பான்?

இதை மறுக்கக் கூடிய சான்றுகளும் இங்கேயே இருக்கின்றன, மறைக்கக் கூடாது. கும்பகோணத்தைச் சுற்றிக் கோவிந்தபுரம், திருவிசநல்லூர், மருதாநல்லூர் என்ற மூன்று ஊர்களில் வேர்விட்ட பஜனை சம்பிரதாயத்தில் பின்னால் வாங்கிப் பாடுகிறவர்களுக்கும் புண்ணியத்தில் சமபங்கு. மௌலிதில் ஜவாபு சொல்வதும் அப்படித்தான், நன்மை எல்லாருக்கும் ஒன்று. பக்தி இருக்கும் இடத்தில் பின்பாட்டுக்கு மரியாதை இருந்திருக்கிறது. ஆனால் அங்கே குரல்கள் முறை வைத்து வந்தன, ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கவில்லை. நமக்குப் பல குரல் என்றால் வரிசை, டூ-வாப் பையன்களுக்கு அடுக்கு. நாகூர் தர்காவில் பாடும் அப்துல் கனி, அஜா மைதீன், சாபுர் மைதீன் பாபா சாபிர் மூவரின் 'நாகூர் செஷன்ஸ்' பதிவைக் கேட்டால் வரிசை எந்த இடத்தில் அடுக்காகப் பார்க்கிறது என்பது தெரியும். ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் முந்திக்கொண்டு ஏறுவார், ஒரு கணம் இரண்டு குரலும் இரண்டு சுரத்தில் உரசி நிற்கும். பிறகு இறங்கிவிடும். அந்தக் கணத்தை யாரும் நீட்டிப் பார்க்கவில்லை. நாகூர் ஈ.எம். ஹனீபா (1925–2015) எட்டுத் திக்குக்கும் கேட்கிற குரலோடு வந்தபின் இசுலாமியத் தமிழ்ப்பாட்டு என்றாலே ஒற்றைக் குரல் என்றாகிவிட்டது. பின்னால் வாங்கிப் பாடியவர்களின் பேரைச் சொல்லுங்கள் பார்ப்போம்.

சினிமாவில் இந்தப் பேரில்லாமை ஒரு தொழில்முறையாகவே ஆனது. கோரஸ் பாடியவர்கள், ஹம்மிங் கொடுத்தவர்கள் பலருடைய பேர் இசைத்தட்டு உறையில் ஏறவில்லை. அதைவிடப் பெரிய சேதம் வேறு. நாலு பையன்கள் சேர்ந்தால் சொந்தப் பாட்டுக் கட்டும் பழக்கம் வருவதற்கு முன்பே மெல்லிசைக் குழு என்ற அச்சு வந்துவிட்டது. கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் சினிமாப் பாட்டை அப்படியே நகல் எடுத்துப் பாடுவதே திறமை. அண்ணன் தம்பிக் குழு ஒன்று நமக்கும் இருந்தது. பாவலர் வரதராசனும் தம்பிகள் பாஸ்கரும் இளையராஜாவும் கங்கை அமரனும் சேர்ந்த பாவலர் பிரதர்ஸ், பொதுவுடைமைக் கட்சிக்காக ஊர் ஊராகப் பாடியது. மில்ஸ் பிரதர்ஸ் போல அது குழுவாகவே நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஆசைப்படலாம். மெட்ராஸ் அதை இழுத்துக்கொண்டது. இளையராஜா தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசை கற்றுக் குரல்களை அடுக்கத் தொடங்கியபோது அதைப் பாடியவர்கள் சம்பளத்துக்கு வந்த கோரஸ்காரர்கள்.

சினிமாவுக்கு வெளியே நடந்த பெரிய முயற்சி எம்.பி. சீனிவாசனுடையது (1925–1988). 'பாதை தெரியுது பார்' படத்துக்கு 1960-இல் இசையமைத்த அதே எம்.பி.எஸ். தான், 1970-களின் தொடக்கத்தில் சென்னையில் இளைஞர்களைத் திரட்டிச் சேர்ந்திசைக் குழு அமைத்தார். பாரதி பாட்டைப் பல குரலில் பிரித்து எழுதி, இசை தெரியாத குமாஸ்தாக்களையும் மாணவர்களையும் பாடவைத்தார். தமிழ்ச் சொல் அடுக்கில் நிற்காது என்ற பேச்சுக்கு அவரைவிட நல்ல பதில் இல்லை. ஆனாலும் அது பயிற்சி மண்டபத்து இசை. விரல் அசைக்க ஒரு நடத்துநர் வேண்டும். தெருமுனைக்கு நடத்துநர் வர மாட்டார்.

பாக் நீரிணைக்கு அப்பால் கதை கொஞ்சம் வேறு. எங்கள் கடற்கரைக்குச் சென்னை வானொலியைவிடக் கொழும்பு வானொலி தெளிவாகக் கேட்ட காலம் உண்டு. அங்கே சிங்களத்தில் மூன்ஸ்டோன்ஸ், லா சிலோனியன்ஸ் என்று கிதாரும் கூட்டுக் குரலுமாகக் குழுக்கள் எழும்பின. தமிழில் நித்தி கனகரத்தினமும் சிலோன் மனோகரும் பொப் இசையைப் பரப்பினார்கள். பைலாவும் கலிப்சோவும் கத்தோலிக்கத் தேவாலயமும் அந்தக் காதுகளைத் தயார் செய்திருந்தன. அங்கே சினிமா இங்கேபோல எல்லாப் பாட்டையும் விழுங்கவில்லை என்பதும் என் கணிப்பில் ஒரு காரணம். ஆனால் தமிழ்ப் பொப்பில் குழுவாக நின்றவர்கள் குறைவு. அங்கும் முன்பாட்டுக்காரர்தான் பெயர் பெற்றார்.

தமிழில் டூ-வாப்புக்கு மிக அருகில் வந்த பாட்டு எது என்றால் தயங்காமல் சொல்வேன், 1993-இல் வந்த 'திருடா திருடா' படத்தின் 'ராசாத்தி'. ஏ.ஆர். ரகுமான் வாத்தியங்களையெல்லாம் எடுத்து வைத்துவிட்டுக் குரல்களை மட்டும் அடுக்கினார். மேலே ஷாகுல் ஹமீது நாட்டுப்புற மெட்டில் அழுகிறார், அடியில் குரல்கள் கோர்டு கோர்டாக நகர்கின்றன. ஒத்து கடைசியில் நகர்ந்துவிட்டது! கமகம் உடையவில்லை, ராகம் கோபித்துக்கொள்ளவில்லை. ஷாகுல் ஹமீது 1998-இல் சாலை விபத்தில் இறந்தார். அந்தப் பாட்டைத் தொடர்ந்து ஒரு வழி உண்டாகவில்லை. ஒரு படத்தின் ஒரு சூழலுக்கான புதுமை என்று அது நின்றுவிட்டது.

வழி வேறு திசையிலிருந்து வந்தது. மலேசியாவில் ராய்ஹான் என்ற ஐவர் குழு 1996-இல் 'புஜி-புஜியான்' வெளியிட்டது. நஷீத் என்னும் இசுலாமியப் பக்திப் பாட்டைக் கூட்டுக் குரலில் அடுக்கி, தாள வாத்தியம் மட்டும் வைத்துப் பாடினார்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்து ஸைன் பிக்கா, ஸ்வீடனிலிருந்து மாஹிர் ஸைன் என்று வரிசையாக வந்தார்கள். வாத்தியம் கூடாது என்பவர்களுக்காகவே 'குரல் மட்டும்' பதிப்புகள் தனியாக வந்தன. அவற்றில் பாஸ், டிரம்ஸ், பின்னணி எல்லாம் தொண்டையிலிருந்து வருகின்றன. காசில்லாத நியூயார்க் பையன்கள் கண்டுபிடித்த உபாயத்தை இப்போது மார்க்கப் பேணுதல் இருகையால் வாங்கிக்கொண்டது. கடந்த சில பத்தாண்டுகளில் சீர்திருத்தக் கருத்துகள் பரவி மௌலிது நின்றுபோன வீடுகளிலும் இந்தப் பதிவுகள் ஒலிக்கின்றன. ஜவாபு போன வாசல் வழியாக அடுக்கு உள்ளே வந்திருக்கிறது. இரண்டையும் ஒருசேரக் கேட்டு வளர்ந்தவன் என்ற முறையில் எனக்கு இதில் சந்தோஷமும் உண்டு, வருத்தமும் உண்டு.

போன வருஷம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தலில் உறவுக்காரப் பையன் ஒருவன் தன் கைப்பேசியில் ஒரு பதிவைப் போட்டுக் காட்டினான். தமிழ் நஷீத், வாத்தியமே இல்லை. நான்கு குரல்: மேலே மிதப்பது ஒன்று, நடுவில் இரண்டு, அடியில் தரையைத் தொடும் கட்டைக் குரல். கூடப் பாடியவர்கள் யார் என்று கேட்டேன். யாருமில்லையாம். நான்கையும் தனித்தனியாக அவனே பாடிச் சேர்த்திருக்கிறான். கூப்பிட்டால் யாரும் பின்பாட்டுக்கு வருவதில்லை, எல்லாருக்கும் மெயின் வேணுமாம். இந்த வயசில் இந்தக் கட்டைக் குரல் எப்படி வந்தது என்றேன்.

"நோன்புல பதிஞ்சது காக்கா. சஹர் முடிஞ்சு படுக்கிறதுக்கு முந்திப் பாடினா குரல் நல்லா எறங்கும்."